அறப்பிறழ்வு

பணியிடத்தில் நிகழும் ‘அன்எதிக்கல்’ (unethical), அதாவது அறத்துக்கு ஒவ்வாத, நடத்தையைத் தமிழில் எழுதும்போது கைக்கு முதலில் வரும் சொல் ‘முறைகேடு’. அது பாதிப் பொருளைத்தான் தாங்கும். உதவியாளர் இரவெல்லாம் விழித்திருந்து எழுதிய அறிக்கையின் முகப்பிலிருந்து அவர் பெயரை நீக்கித் தம் பெயரை இட்டுக்கொள்ளும் மேலாளர் பல இடங்களில் எந்த விதியையும் மீறியவராக மாட்டார். கணக்கிலும் ஒரு காசு குறையாது. ஆயினும் அது அறமன்று. ‘ஊழல்’ கையூட்டோடு ஒட்டிக்கொண்டது. ‘ஒழுங்கீனம்’ கீழ்ப்படியாமையையும் நேரம் தவறுவதையும் சுட்டுகிறது. ‘ஒழுக்கக்கேடு’ பெரும்பாலும் பாலியல் நடத்தையைக் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. எஞ்சியவற்றுள் பொருந்துவது ‘அறப்பிறழ்வு’ என்பதே என் துணிபு.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அடியான ‘எதிக்ஸ்’ (அறநெறி) கிரேக்க வேருடையது. அம்மொழியில் குறில் எகரத்தில் தொடங்கும் ‘எதோஸ்’ பழக்கத்தைக் குறிக்கும். நெடில் ஏகாரத்தில் தொடங்கும் ‘ஏதோஸ்’ ஒருவரின் குணத்தைக் குறிக்கும். அறம் சார்ந்த குணம் பழக்கத்தால் அமைவது என்றும், அதன் பெயரே பழக்கத்தைக் குறிக்கும் சொல்லின் சிறு திரிபு என்றும் அரிஸ்டாட்டில் எழுதுகிறார். ஆங்கில எழுத்தில் மறைந்துபோகும் இந்தக் குறில் நெடில் வேறுபாடு தமிழ் எழுத்தில் அப்படியே நிற்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது.

பணியிடத் தவறுகளை ஆராய்வோர் இன்றும் இவ்விரு பக்கங்களிலிருந்தே காரணம் தேடுகின்றனர். குணத்தின் பக்கத்தில், சூழ்ச்சி மனம், தற்காதல், பிறர்பால் இரக்கமின்மை ஆகிய மூன்றையும் 2002-இல் பால்ஹஸ், வில்லியம்ஸ் என்னும் உளவியலாளர்கள் ‘இருண்ட மும்மை’ என்று தொகுத்தனர். ஆனால் குணத்தை மட்டும் பழிப்பது போதாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டது 2016-இல் வெளிப்பட்டபோது, வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இத்தவற்றுக்காக ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் அதற்குள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். அத்தனை பேரும் கெட்ட குணத்தோடு ஒரே வங்கியில் வந்து சேர்ந்தார்கள் என்று யார் நம்புவார்? ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கும், அதை எட்டாதவர்மீது விழுந்த நெருக்கடியும், ‘இங்கே எல்லாரும் இப்படித்தான்’ என்ற பழக்கத்தை வளர்த்தன.

தமிழிலும் இதற்கு நெருங்கிய பழைய இணை உண்டு. ‘ஒழுகு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது ஒழுக்கம். அதற்கு எதிராகக் குறள் நிறுத்தும் சொல் இழுக்கம், அதாவது வழுக்குதல். வழுக்கி விழுவதில் காலுக்கும் பங்குண்டு, நிலத்துக்கும் பங்குண்டு. இச்சொல்லையே மீட்டெடுக்கலாம் என்று தோன்றும். எனினும் ‘இழுக்கு’ இன்று அவமானம் என்னும் பொருளிலேயே வழங்குவதால் படிப்பவர் தடுமாறுவர்.

‘பிறழ்தல்’ என்பது இருக்க வேண்டிய நிலையிலிருந்து விலகுதல். விலக்கியது ஆளின் குணமா, அலுவலகத்தின் பழக்கமா என்பதை அச்சொல் முன்கூட்டியே தீர்த்துவிடுவதில்லை. ஆகவே விசாரணை முடியும்முன் எழுதும் குறிப்புகளில் ‘அறம் பிறழ்ந்த செயல்’ என்று செயலைச் சுட்டுவதே சரி; ‘அறம் பிறழ்ந்தவர்’ என்று ஆளைச் சுட்டினால் காரணத்தில் பாதியை விசாரிக்காமலே முடிவு கட்டியதாகும்.