பொழிப்புரை பிறகு வரட்டும்

திருமங்கலம் வட்டாரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றும் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: பதின்ம வயதினருக்குச் செய்யுள் கசப்பதற்குக் கைப்பேசி மட்டுமே காரணமன்று. நூற்குறிப்பு, சொல்லும் பொருளும், பொழிப்புரை என்ற வரிசையில் பாடத்தை நடத்தினால், பாட்டில் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் மாணவனுக்கு எஞ்சுவதே இல்லை. எஞ்சுவது மனப்பாடப் பகுதியும் அதற்குரிய மதிப்பெண்ணும்தான்.

சிலப்பதிகாரத்தின் 30 காதைகளுள் நான் கொலைக்களக் காதையிலிருந்தே தொடங்குவேன். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலாகக் கள்வருக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி அவர்களைக் கரைக்கப் பார்க்கிறான். பேச்சு நீண்டுகொண்டிருக்கையில் கல்லாக் களிமகன் (படிப்பறிவற்ற குடிகாரன்) ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இவ்வளவையும் கதையாகச் சொல்லி, குற்றவாளி யார் என்று கேட்டு நிறுத்திவிடுவேன். அரசன் என்பார் சிலர், பொற்கொல்லன் என்பார் பலர். வெட்டியவனை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும். அதன்பின்பே பதம் பிரித்த மூல வரிகளை நகலெடுத்துக் கொடுத்து, சான்று காட்டச் சொல்வேன்.

வழக்குரை காதையை இருவர் கண்ணகியாகவும் பாண்டியனாகவும் நின்று உரக்கப் படிக்க வேண்டும். 'என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே' (என் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் மாணிக்கம்) என்று அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்ட பிறகு, 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' (எம் சிலம்பின் பரல் முத்து) என்று அரசன் வாய்திறப்பதிலேயே வழக்கின் முடிவு அடங்கியிருப்பதை, உரை இல்லாமலே மாணவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அணியும் இலக்கணக் குறிப்பும் அடுத்த நாள் வரலாம்.

மதுரையைப் பாடும் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சியின் 782 அடிகளையும் நடத்த இயலாது. அங்காடிப் பகுதி போதும். தங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி மாணவர்கள் பத்து வரி எழுதிய பின், அதைப் பாடிய மாங்குடி மருதனாரின் நாளங்காடியையும் (பகல் சந்தை) அல்லங்காடியையும் (இரவுச் சந்தை) கொடுத்தால் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். (தூங்கா நகரம் என்று பெருமை பேசும் பெரியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்?)

இம்முறைக்கு நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கும். எல்லாப் பாடத்துக்கும் இயலாது, பருவத்துக்கு ஒரு பாடத்துக்குச் செய்தாலே போதும். பெற்றோர், ஒப்பிக்கச் சொல்வதை விடுத்து, கதையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குக் கோவலன் கதை வாய்மொழியாகத் தெரிந்திருந்தால், அது இளங்கோவடிகள் சொல்வதிலிருந்து எங்கெங்கே மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வரட்டும்.