விமான நிறுவன நேர்காணல்: மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து சில விஷயங்கள்

விமான நிறுவனத்தில் கேபின் குழு வேலைக்கு, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கு, நேர்காணல் என்றதும் பலரும் முதலில் ஓடுவது அழகு நிலையத்துக்கு. கொண்டையை எப்படிப் போடுவது, உதட்டுச்சாயம் எந்த நிறம், கால்மேல் கால் போடலாமா கூடாதா என்று சந்தேகங்கள் வரிசை கட்டி நிற்கும். பல வருடங்கள் பறந்துவிட்டு, பிறகு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டாலே அலுப்புத் தட்டுகிறது. இஸ்திரி போட்ட ஆடை, சுத்தமான நகம், ஒழுங்காக வாரிய தலை போதும். மிச்சத்தைப் பயிற்சியின்போது நிறுவனமே சொல்லித்தரும். சொல்லித்தருவது என்ன, விடாப்பிடியாகத் திணிக்கும்.

ஆள் எடுப்பவரின் மனத்தில் ஓடுவது வேறொரு கணக்கு. பெரிய பயணிகள் விமானம் சான்றிதழ் பெற வேண்டுமானால், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி எல்லோரையும் 90 விநாடிக்குள் வெளியேற்ற முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டும். நிஜத்தில் இது எப்படி இருக்கும் என்பதை 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் உலகம் பார்த்தது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின்மீது மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தின் எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணிக்குழுவினர் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தியே வழிகாட்டினார்கள். அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரை அப்படியொரு கதவருகே நிறுத்திப் பார்த்துத்தான் நாங்கள் மதிப்பெண் போடுகிறோம். தேர்வின் ஒவ்வொரு சுற்றையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

உயரச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலணியைக் கழற்றி, குதிகாலைத் தூக்கி, சுவரிலுள்ள கோட்டைத் தொடச் சொல்வார்கள். எமிரேட்ஸ் வெளியிட்டிருக்கும் தகுதிகளில் குறைந்தபட்ச உயரம் 160 செ.மீ., கை எட்ட வேண்டிய உயரம் 212 செ.மீ. தீயணைப்பான், ஆக்சிஜன் குப்பி போன்றவை தலைக்கு மேலுள்ள பெட்டிகளில் இருக்கும் என்பதால் இப்படி ஓர் அளவு. இதில் கெஞ்சலுக்கு இடமில்லை. விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் அளவைப் பார்த்து, வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, எட்டுகிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். எட்டவில்லையென்றால் பயணச் செலவாவது மிஞ்சும்; அளவு வேறாக இருக்கும் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம். தரைப் பணிகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது குழு விவாதம். அதிகம் பேர் கழிக்கப்படுவதும், ஏன் கழிக்கப்பட்டோம் என்று புரியாமல் வீடு திரும்புவதும் இந்தச் சுற்றில்தான். வழக்கமான ஒரு கேள்வி: விமானம் ரத்தாகிவிட்டது, பத்துப் பயணிகள் நிற்கிறார்கள், விடுதியில் ஐந்து அறைகள்தான் காலி. யாருக்குக் கொடுப்பீர்கள்? கைக்குழந்தைக்காரி, முதியவர், புதுமணத் தம்பதி, முதல் வகுப்புப் பயணி என்று பட்டியல் கையில் வரும். பத்து நிமிடம்.

யாருக்கு அறை கிடைத்தது என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. நாங்கள் ஓரமாக நின்று குறிப்பதெல்லாம் யார் யாரை இடைமறிக்கிறார், தன் யோசனை தோற்றதும் யார் முகம் சுருங்குகிறது, நேரத்தை யார் கவனிக்கிறார் என்பவற்றைத்தான். ஒருமுறை நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர் ஒருவர் கூட்டத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சு தெளிவு, தர்க்கம் கச்சிதம். எதிரே ஒரு பெண் இரண்டு முறை வாயெடுத்தார். இரண்டு முறையும் இவர் குரல் அதன்மேல் ஏறிவிட்டது. பக்கத்திலிருந்த இன்னொருவர், “அவர் ஏதோ சொல்ல வந்தார், கேட்டுவிடலாமே” என்றார். விவாதம் முழுவதிலும் அவர் பேசியது அதையும் சேர்த்து நான்கைந்து வாக்கியம் இருக்கும். ஆங்கிலத்தில் ஒருமை பன்மை தடுமாறியது. அவரைத்தான் எடுத்தோம். வெளியே போகும்போது இளைஞர் எங்களைப் பார்த்த பார்வையில் நியாயம் கேட்கும் கோபம் இருந்தது.

அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம் சக்கரக் கோளாறு காரணமாக அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. கேப்டனின் கவனமெல்லாம் சக்கரத்தில். எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவருக்கு உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். கீழே இருப்பவர் துணிந்து சொல்வதும் மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்பதும் பயிற்சியாகவே வளர்ந்ததற்கு இத்தகைய விபத்துகள்தான் காரணம். பேசவே பேசாதவரையும் எடுப்பதில்லை, பிறரைப் பேசவிடாதவரையும் எடுப்பதில்லை.

தனி நேர்காணலில் “கோபமாக இருந்த ஒருவரை நீங்கள் சமாளித்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். “நான் எப்போதும் பொறுமையாக இருப்பேன்” என்பது இதற்குப் பதிலாகாது. சம்பவம் வேண்டும். பயிற்சி மையங்கள் இதற்கென்று தயார்க்கதைகளை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. அவை மூன்றாவது துணைக்கேள்வியில் சரிந்துவிடும். “அதற்கு அவர் என்ன சொன்னார்? அப்போது உங்கள் மேலதிகாரி எங்கே இருந்தார்?” என்று கேட்டால் போதும், கண் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பதில் எனக்கு மறக்கவில்லை. ஸ்கேன் அறிக்கை தாமதமானதால் ஒருவர் கத்தினாராம். இவர் மாடிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, “இன்னும் நாற்பது நிமிடம் ஆகும்” என்றாராம். இதுவரை எல்லோரும் சொல்லும் கதைதான். நாற்பது நிமிடம் கழித்தும் அறிக்கை வரவில்லை. அவர் தானாகவே அந்த மனிதரிடம் மறுபடி போய், “இன்னும் வரவில்லை, நான் சொன்ன நேரம் தவறிவிட்டது” என்று சொல்லியிருக்கிறார். கெட்ட செய்தியோடு திரும்பிப் போகிறவர்கள் குறைவு. மேசையின் இந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேனாவை எடுத்தோம். விமான அனுபவமே இல்லாதவர்களிடமும் இப்படியொரு சம்பவம் இருக்கும். கடை, பள்ளி, வீட்டு விசேஷம், எங்கிருந்து வந்தாலும் சரி. அது உங்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவே.

பயோடேட்டாவில் இடைவெளி இருப்பதை மறைக்காதீர்கள். விமான நிலையத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நுழைகிறவர்களுக்குப் பின்னணிச் சோதனை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் குறைந்தது கடந்த ஐந்து ஆண்டுகளின் வேலை, படிப்பு, இடைவெளி எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கின்றன. ஒரு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன் என்று எழுதினால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. அந்த வருடத்தை மூடப் பழைய நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தை நீட்டி எழுதினால், தேர்வான பிறகும் வேலை போகும்.

இனி பண விவகாரம். இந்தத் துறையின் கவர்ச்சியை மோசடிக்காரர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். “தேர்வாகிவிட்டீர்கள்” என்று பெரிய நிறுவனத்தின் சின்னத்தோடு கடிதம் வரும். நேர்காணலோ குறுஞ்செய்திச் செயலியில் நாலு கேள்வியோடு முடிந்திருக்கும். சீருடைக்கு, விசாவுக்கு, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகைக்கு என்று பணம் கேட்பார்கள். முன்பின் பார்க்காமல் கேபின் குழுவுக்கு ஆள் எடுக்கும் நல்ல நிறுவனத்தை நான் கண்டதில்லை. மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது யாரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய முகவரியாக இருக்கும். கடிதத்திலுள்ள எண்ணை அழைத்துச் சரிபார்ப்பதில் பயனில்லை. நிறுவனத்தின் இணையதளத்துக்கு நீங்களாகப் போய், அங்கே இருக்கும் வழியில் கேளுங்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்பும் முன் இதைச் செய்யுங்கள், பின்னால் அல்ல. “உள்ளே நம் ஆள் இருக்கிறார்” என்பவரிடம் ஒரு ரசீது கேட்டுப் பாருங்கள்; பேச்சு அத்தோடு முடியும்.

சில இடங்களில் மருத்துவப் பரிசோதனைச் செலவு விண்ணப்பதாரருடையது. அதை மருத்துவமனையில் நேரடியாகக் கட்டுவீர்கள், இடைத்தரகரின் வங்கிக் கணக்கில் அல்ல. விமானிகள் விஷயம் இன்னும் சிக்கல். குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் பயிற்சிக்குச் சில நிறுவனங்கள் பணம் கேட்கின்றன. சில, இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பாண்டு வாங்குகின்றன. சட்டப்படி நடப்பதுதான் என்றாலும், கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

விமானியாக நினைப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். பறக்கும் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அந்தச் சோதனையை முடித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிச் சேர்ந்த பிறகு, நிறப்பார்வையில் குறை இருப்பது தெரிந்து திகைத்து நின்ற குடும்பங்கள் உண்டு. நேர்காணல், சிமுலேட்டர் எனும் போலி விமான அறையில் ஓட்டிக்காட்டும் சோதனை எல்லாம் அதற்குப் பிறகு வரும் கவலைகள்.

இறுதிச் சுற்று முடிந்ததும் காத்திருப்பு. சில நாளில் பதில் வரலாம், சில வாரமும் ஆகலாம். கழித்தால் காரணம் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். சில மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், இரண்டாம் தடவை தேர்வானவர்கள் ஏராளம். தேர்வானதாகக் கடிதம் வந்தால் அதை முழுவதும் படியுங்கள். மருத்துவத் தகுதி, பின்னணிச் சோதனை, சில நாடுகளில் போதைப்பொருள் சோதனை ஆகியவற்றுக்கு உட்பட்டே நியமனம் என்று அதிலேயே எழுதியிருக்கும். அவை முடிந்து சேரும் தேதி எழுத்தில் கைக்கு வரும்வரை, இப்போதிருக்கும் வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.