விளையாட்டுக்காக உள்ளூர் வீதியைச் சில மணி நேரம் மூடுதல்: யாரிடம் அனுமதி பெறுவது?

குடியிருப்பு வீதியொன்றைக் குறித்த நேரத்துக்கு வாகனங்களுக்கு மூடி, பிள்ளைகள் விளையாடவும் பெரியவர்கள் நடக்கவும் விடுவது புதிய எண்ணமல்ல. நியூயோர்க் நகரில் 1914 இலேயே விளையாட்டு வீதிகள் ஒதுக்கப்பட்டன. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும் வீதிகளே மூடப்படுகின்றன. காணிக்குப் பஞ்சமில்லாத வன்னியில் வீதி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மீள்குடியேற்றத்துக்குப் பின் எழுந்த வீட்டுத்திட்டங்களில் மைதானம் தொலைவில் இருக்கும்போது, பற்றை மண்டிய வெறுங்காணிக்குச் சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்ப எந்தத் தாயும் துணிவதில்லை என்பதே அதற்கான பதில்.

முதலில் அறிய வேண்டியது, வீதி யாருடையது என்பதாகும். ஏ9 வீதி, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதி போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. பேருந்தும் பாரவூர்தியும் ஓடும் இவற்றை இந்நோக்கத்துக்குக் கேட்பது பொருத்தமன்று. எஞ்சிய உள்ளக வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் கரைச்சி, கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய் போன்ற பிரதேச சபைகளின் பொறுப்பில் உள்ளன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொது வீதிகளின் நிருவாகத்தோடு மக்களின் வசதியையும் நலனையும் பேணும் கடமையையும் அச்சபைகளிடமே ஒப்படைத்திருப்பதால், இக்கோரிக்கையை அங்கு முன்வைப்பதே முறை.

தனியொருவர் கேட்பதைவிடக் கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ கடிதத் தலைப்பில் கேட்பது வலுவானது. வீதியின் பெயர், மூடப்படும் பகுதியின் இரு எல்லைகள், நாள், நேரம், மாற்றுப்பாதை, பொறுப்பாளர்களின் விபரம் ஆகியவற்றுடன் அவ்வீதியில் வசிக்கும் குடும்பங்களின் கையொப்பங்களையும் இணைத்து, சபையின் மாதாந்தக் கூட்டத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். பிரதியொன்று கிராம அலுவலருக்கும் இன்னொன்று பொலிஸ் நிலையத்துக்கும் செல்லட்டும். ஒலிபெருக்கி பயன்படுத்துவதாயின் அதற்குப் பொலிஸ் அனுமதி தனியாகத் தேவை. அனுமதியின்றித் தடியும் கயிறும் கட்டிப் பொது வீதியை மறிப்பது குற்றமாகும்.

அனுமதி கிடைத்தாலும், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அவசர அம்புலன்ஸ் வண்டி வந்தால் உடனே வழிவிடத்தக்க, ஒருவர் தூக்கி அகற்றக்கூடிய தடுப்பையே வைக்க வேண்டும். இரு முனைகளிலும் பெரியவர்கள் நிற்க வேண்டும். அவ்வீதியில் வசிப்பவர் வீடு திரும்பும்போது அவரது மோட்டார் சைக்கிளை உருட்டிச் செல்ல இடமளிப்பது அவசியம். பெரும்போக அறுவடைக் காலத்தில் வெட்டு மெசினும் நெல் ஏற்றிய உழவு இயந்திரமும் ஓயாமல் போய்வருவதுடன், வீதியோரம் நெல்லும் காயும். அவ்வாரங்களைத் தவிர்த்து நாள் குறிப்பதே நியாயமானது. விவசாயியின் வழியை மறித்துப் பெறும் விளையாட்டு ஊரில் நிலைக்காது.

விண்ணப்பத்துக்குப் பதிலே வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நிலையைச் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.