மீட்டரில் 5 வோல்ட் காட்டினால் போதாது

போன வாரமும் விழுந்த ரிமோட் விமானம் ஒன்று வந்தது. இறக்கை முறிந்து, மூக்கு நசுங்கி, அட்டைப் பெட்டிக்குள் மண்ணும் முள்ளுமாக. கொண்டுவந்த தம்பி பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே காரணத்தைச் சொல்லிவிட்டார்: "சிக்னல் கட் ஆயிட்டு அண்ணாச்சி." உள்ளே ரிசீவருக்குப் பவர் தரும் பெக்கைப் பார்த்தாயா என்று கேட்டேன். "அது நல்லாத்தான் இருக்கு, மீட்டர் வச்சிப் பாத்துட்டேன். கரெக்டா அஞ்சு வோல்ட் காட்டுதுல்லா."

பாளையங்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பெஞ்சு வைத்திருக்கிறேன். டிவி போர்டு, இன்வெர்ட்டர், பம்புசெட் ஸ்டார்ட்டர் எல்லாம் வரும். சுற்று வட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் செய்யும் ஆர்.சி. விமானங்களும், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களும், வரும். விழுந்து வருகிறவற்றில் பெரும்பாலானவை இதே வாக்கியத்தோடுதான் வருகின்றன. அந்த அஞ்சு வோல்ட்டைப் பற்றி இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பெக் என்பது பேட்டரியின் 11, 12, 16 வோல்ட்டை, சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் இறக்கை, வால் பலகைகளைத் திருப்பும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்கும் ஏற்ற 5 வோல்ட்டாக இறக்கித் தரும் ரெகுலேட்டர். பெரும்பாலும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.க்கு உள்ளேயே இருக்கும். தனியாக வாங்கிப் போட்டால் அதை யூபெக் என்பார்கள். விமானத்தில் மோட்டார் நின்றாலும் சறுக்கிக்கொண்டு இறக்கிவிடலாம். பெக் நின்றால் உங்கள் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மேலே பறப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது அந்த மீட்டர் விஷயம். விலை குறைந்த மல்டிமீட்டரிலேயே உள்தடை 10 லட்சம் ஓம் இருக்கும். 5 வோல்ட்டில் வைத்தால் அது இழுக்கும் கரண்ட் 5 மைக்ரோ ஆம்பியர். காற்றோடு மல்லுக்கட்டும் ஒரு எய்லரான் (இறக்கையின் அசையும் பலகை) சர்வோ அரை ஆம்பியரைச் சாதாரணமாக இழுக்கும், அதாவது மீட்டரைப் போல ஒரு லட்சம் மடங்கு. மீட்டர் காட்டிய 5 வோல்ட்டுக்கு ஒரே பொருள்தான்: யாரும் எதுவும் கேட்காதபோது இந்த ரெகுலேட்டர் 5 வோல்ட் தருகிறது. கேட்கும்போது தருமா என்று மீட்டர் சொல்லவில்லை. மீட்டரால் அதைச் சொல்லவும் முடியாது.

சரி, சர்வோக்களை மாட்டிவிட்டே மீட்டர் வைக்கிறேன் என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. சாதாரண மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளந்து காட்டும். நாலு சர்வோ ஒரே நேரத்தில் திரும்பும்போது வோல்டேஜ் ஒரு விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு 3 வோல்ட்டுக்கு இறங்கி ஏறினால், மீட்டர் கண்ணில் அது படவே படாது. ரிசீவருக்குப் படும். அது அணைந்து, திரும்ப எழுந்து, டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் மூன்று விநாடியில் 50 மீட்டர் போயிருக்கும். பெரும்பாலும் கீழ்நோக்கி. கீழே நிற்பவருக்கு அது சிக்னல் போனது மாதிரியே தெரியும். உடனே செல்போன் டவர் மேல் பழி. சிக்னல் போனால் ரிசீவர் தானாகச் செய்ய வேண்டியதை முன்பே பதிந்து வைக்கும் ஃபெயில்சேஃப் வைத்திருந்தேனே என்று இன்னொருவர் கேட்கிறார். ரிசீவருக்கே பவர் இல்லாதபோது ஃபெயில்சேஃப் எங்கிருந்து வேலை செய்யும்?

மூன்றாவது ஏமாற்றம்தான் மோசமானது. விழுந்த பிறகு சோதிப்பது. லீனியர் வகை ரெகுலேட்டர்களுக்குள் ஒரு வெப்பப் பாதுகாப்பு உண்டு. சிப்பின் உள்சூடு 150 டிகிரிக்குப் பக்கம் போனால் தானாகவே அடங்கிவிடும். ஆறினால் திரும்ப வேலை செய்யும். விழுந்த விமானத்தைத் தேடிப்போய், உடைமரத்துக்குள் இருந்து எடுத்து, பைக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மீட்டர் வைக்கும்போது அது ஆறிப்போய், சுத்தமாக 5 வோல்ட் காட்டும். காட்டத்தான் செய்யும். அது கெட்டுப்போகவில்லையே, சூடு தாங்காமல் அடங்கியதுதானே. தம்பிகளே, விழுந்த பிறகு பெக் 5 வோல்ட் காட்டுவதை வைத்து "பெக் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்த விமானமும் அதே ஈ.எஸ்.சி.யோடு ஏறி அதே மாதிரி விழுகிறது.

சூடு எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். லீனியர் பெக் மிச்ச வோல்டேஜை அப்படியே வெப்பமாக்கும். முழு சார்ஜில் த்ரீ செல் லிப்போ (மூன்று செல் உள்ள லித்தியம் பாலிமர் பேட்டரி) 12.6 வோல்ட். 5 போக மீதி 7.6. சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு. அதையே ஃபோர் செல்லில் போட்டால் 16.8 வோல்ட், சூடு 11.8 வாட். என் பெஞ்சில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஏறக்குறைய பாதியை, விரல்நகம் அளவு சிப்பில், ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை) போர்த்தி, தெர்மாகோல் வயிற்றுக்குள் மூடி வைக்கிறோம். "5 வோல்ட் 2 ஆம்பியர்" என்று மேலே ஒட்டியிருப்பது எந்த பேட்டரிக்கு, எவ்வளவு காற்றோட்டத்தில் என்று கேளுங்கள். பல ஈ.எஸ்.சி.களின் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். செல் கூடக் கூட மாட்டக்கூடிய சர்வோ எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

நம் ஊருக்கென்று இதில் இரண்டு விஷயம் சேர்கிறது. ஒன்று வெயில். சித்திரை மாதம் வெளியிலேயே 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, பூட்டிய காரில் கிடந்து வந்த விமானத்தின் உள்ளே பெக் தன் சூட்டைக் கொண்டுபோய் விட இடமே இல்லை. இன்னொன்று காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றைப் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பறக்கவிட்டவர்களுக்குத் தெரியும். அங்கே அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. அமைதியான காலையில் அவ்வப்போது அசையும் சர்வோ, அந்தக் காற்றில் ஒரு கணம்கூட ஓயாது. ஒவ்வொரு அசைவுக்கும் கரண்ட், ஒவ்வொரு கரண்டுக்கும் சூடு. மார்கழியில் நன்றாகப் பறந்த விமானம் ஆடியில் விழுவதற்குக் காரணம் தேடி டிரான்ஸ்மிட்டரைப் பிரிக்க வேண்டாம்.

சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில் புரொப்பல்லரைக் கழற்றுங்கள். இதில் பேச்சே இல்லை. ஈ.எஸ்.சி.யைத் தொடும் எந்தச் சோதனையும் புரொப்பல்லரோடு செய்யக் கூடாது. விரலில் தையலோடு வருகிறவர்களையும் பார்க்கிறேன்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பாதி தீர்ந்த பேட்டரியில் லீனியர் பெக்குக்குச் சூடு குறைவு, தேறிவிடும். பைக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21/5 வாட் டெயில் லைட் பல்பு ஒன்று வாங்குங்கள். அதன் 21 வாட் இழையை பெக்கின் 5 வோல்ட்டில் கொடுத்தால் மங்கலாக எரியும், ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். பல்பு வேண்டாம் என்றால் 10 ஓம் 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் வாங்கலாம். ஒன்றுக்கு அரை ஆம்பியர், இரண்டை இணையாகப் போட்டால் 1 ஆம்பியர், நாலு போட்டால் 2. தொட்டால் சுடும், மேசை விரிப்பின் மேல் வைக்காதீர்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரை வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஈ.எஸ்.சி.யை விமானத்துக்குள் இருக்கிற மாதிரியே வைத்து, மூடியை மூடி, முடிந்தால் உச்சி வெயிலில். 4.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் என் பெஞ்சில் அது தேறாது. திடீரென்று பூஜ்யத்துக்குப் போய் சிறிது நேரத்தில் திரும்பி வந்தால், விழுந்ததற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அப்புறம் எல்லா சர்வோவையும் மாட்டி, இரண்டு ஸ்டிக்கையும் ஐந்து நிமிடம் விடாமல் சுற்றுங்கள். இன்னொருவர் எய்லரானையும் எலிவேட்டரையும் (வாலின் அசையும் பலகை) கையால் லேசாகத் தடுத்துப் பிடிக்கட்டும். முழுசாக நிறுத்திப் பிடிக்க வேண்டாம், பல்சக்கரம் போய்விடும். ரிசீவரின் விளக்கில் கண் இருக்கட்டும். ஒரு முறை சிமிட்டினாலும் அன்றைக்குப் பறத்தல் இல்லை. சில ரிசீவர்கள் தன் வோல்டேஜை டிரான்ஸ்மிட்டர் திரைக்கே அனுப்பும். அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அதுவும் மீட்டரைப் போல மெதுவாகத்தான் காட்டும். நொடிச் சரிவைப் பார்க்க ஆசிலாஸ்கோப்தான் வேண்டும். கல்லூரி லேபில் தூசி படிந்து கிடக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சரியான வழி என்ன? ஃபோர் செல்லுக்கோ, மூன்று நாலு சர்வோவுக்கு மேலோ போனால் லீனியர் பெக்கை விட்டுவிடுங்கள். மிச்ச வோல்டேஜை அப்படியே வெப்பமாக்காத ஸ்விட்சிங் வகை யூபெக் 5 ஆம்பியர் ஒன்று போடுங்கள். எம்ஜி 996ஆர் மாதிரி உலோகப் பல் சர்வோ ஒன்று அடைத்து நின்றாலே 6 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும், அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

யூபெக் போடும்போது ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பியில் நடுவில் உள்ள சிவப்பை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இரண்டு ரெகுலேட்டரும் ஒரே கம்பியில் சண்டைபோடும். இரண்டும் லோடைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்பது தவறான நம்பிக்கை. எதன் வோல்டேஜ் ஒரு மயிரிழை கூடவோ அது மொத்தத்தையும் சுமக்கும். கம்பியை வெட்ட வேண்டாம். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசி முனையால் லேசாகத் தூக்கினால் பின் வெளியே வந்துவிடும். அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் போட்டு மடக்கி வையுங்கள். பின்னால் தேவைப்பட்டால் திரும்பச் செருகலாம். கறுப்பும் சிக்னலும் அப்படியே இருக்க வேண்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று கறுப்பையும் எடுத்துவிட்டு, ஈ.எஸ்.சி. கேட்கமாட்டேன் என்கிறது என்று வந்து நிற்கிறார்கள். யூபெக் இல்லாத இரண்டு மோட்டார் விமானத்திலும் இதே கதைதான்: ஒரு ஈ.எஸ்.சி.யின் சிவப்பு மட்டும் ரிசீவருக்குப் போகட்டும்.

யூபெக்குக்கான பவரை பேட்டரியின் முதன்மைக் கம்பியில் இருந்து எடுங்கள். செல்களைத் தனித்தனியாக சார்ஜ் பார்க்கும் பேலன்ஸ் பிளக்கில் இரண்டு செல்லில் மட்டும் தட்டி எடுத்தால் அந்த இரண்டும் மற்றதைவிட முன்னால் தீர்ந்து பேட்டரியே கெடும். பிளஸ் மைனஸ் மாறினால் பெரும்பாலான யூபெக்குக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. 5 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்கும் ஜம்பர் இருந்தால் எதில் நிற்கிறது என்று ரிசீவரை மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த இடத்தில்தான் மீட்டருக்கு உண்மையான வேலை. யூபெக்கை ரிசீவர் ஆன்டெனாவை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ வையுங்கள். நீளமான சர்வோ நீட்டிப்புக்கு மெல்லிய கம்பி வேண்டாம், 22 கேஜ் போடுங்கள்.

ஒரு பொருளை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், விமானத்தில் போடாதீர்கள்: வோல்டேஜை இறக்கித் தரும், நீல நிறத் திருகு வைத்த எல்எம்2596 மாட்யூல். 3 ஆம்பியர் என்று விற்பார்கள். ஹீட் சிங்க் இல்லாமல் அதை நம்பி 2 ஆம்பியர்கூட நான் இழுக்க மாட்டேன். சூடு மட்டுமல்ல, அந்தத் திருகுதான் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. விமான அதிர்வில் உள்ளே தொடுப்பு விட்டால் வெளியீடு குறையாது, ஏறும். பேட்டரி வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே ரிசீவருக்குள் போகும். அப்படிப் போன விமானத்தில் உயிரோடு இருப்பதாகத் தெரியும் சர்வோவையும் நான் திரும்பப் பறக்கவிடச் சம்மதிப்பதில்லை. மேசை வேலைக்கு அருமையான மாட்யூல், அங்கேயே இருக்கட்டும்.

ரிசீவரின் காலி சேனலில் 10 வோல்ட் 4700 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடுவது நல்ல பழக்கம். நொடிச் சரிவைத் தாங்கும். சூட்டில் அடங்கும் பெக்கை அது காப்பாற்றாது.

நம் மாவட்டத்தில் கூடங்குளம் இருக்கிறது, மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் இருக்கிறது, விஜயநாராயணம் கடற்படை நிலையம் இருக்கிறது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எந்த வெட்டவெளியிலும் ஏற்றாதீர்கள். பவர் போன விமானம் ஆடிக் காற்றில் எங்கே போய் விழும் என்று உங்களால் சொல்ல முடியாது. வயலில் குனிந்து நிற்பவருக்கு அது வருவதே தெரியாது.

போட்டிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குக் கொண்டுவராதீர்கள். ஒரு வாரம் முன்னால் வாருங்கள், பல்பு டெஸ்டுக்குக் காசு வாங்குவதில்லை. வரும்போது பேட்டரியை முழு சார்ஜில், எல்லா சர்வோவும் மாட்டிய நிலையில், ஈ.எஸ்.சி.யோடு வந்த அந்தத் தாளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். புரொப்பல்லரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.