தவணை வந்துவிட்டது, வீடு என்ன ஆயிற்று?

வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் தரும் சிறுகடன்களால் ஏழைக் குடும்பங்களுக்கு என்ன பலன் என்று மதிப்பிடுவது என் வேலை. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் முதலில் வசூல் கணக்கைத்தான் நீட்டுவார்கள். "பாக்கியே இல்லை, பாருங்கள்!"

அது கடன் கொடுத்தவரின் நலம். வாங்கியவர் தவணைக்காகச் சாப்பாட்டைக் குறைத்தாரா, இன்னொருவரிடம் கைமாற்று வாங்கினாரா என்பதை அந்தத் தாள் சொல்லாது. தொழிற்கடன் என்றால் கடையிலிருந்து வருமானம் வரும் என்று எதிர்பார்க்கலாம். கூரை சம்பாதிக்காது. ஓர் அறையை வாடகைக்கு விட்டாலோ, வீட்டிலேயே தையல் போட்டாலோ ஒழிய, தவணை ஏற்கெனவே இருக்கும் கூலியிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே நான் வீட்டைப் பார்ப்பதற்கு முன் செலவுக் கணக்கைக் கேட்கிறேன்.

அடுத்த சிக்கல், யாரோடு ஒப்பிடுவது? கடன் வாங்காத பக்கத்து வீட்டாரோடு என்றால் தப்பு. கடன் கிடைத்தவருக்கு நிலையான வருமானமோ மனைப் பத்திரமோ முன்பே இருந்திருக்கும். தகுதி இருந்தும் இன்னும் கடன் போய்ச் சேராதவர்களே சரியான ஜோடி.

மெக்சிகோவில் மண்தரைக்குப் பதில் சிமென்ட் தரை போட்டுக் கொடுத்த அரசுத் திட்டத்தை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். திட்டம் வந்த டொரியோன் நகரத்தை, மாநில எல்லைக்கு அப்பால் அதை ஒட்டியே இருக்கும், திட்டம் வராத ஊர்களோடு ஒப்பிட்டார்கள். 2009இல் வெளியான முடிவின்படி, வீட்டின் மண்தரை முழுவதும் சிமென்ட் ஆனால் குழந்தைகளின் குடற்புழுத் தொற்று 78 சதவீதமும் வயிற்றுப்போக்கு 49 சதவீதமும் குறையும். ஆனால் அந்தத் தரை இலவசம். கடன் திட்ட அறிக்கைகளில் இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும், வட்டியைக் கழித்தார்களா?

காலமும் முக்கியம். ஏழைக் குடும்பங்கள் வீட்டை ஒரே மூச்சில் கட்டுவதில்லை. இந்த வருடம் அஸ்திவாரம், பிறகு சுவர், கை கூடும்போது கூரை. ஆறே மாதத்தில் சர்வே எடுக்கப் போனால் செங்கல் குவியலைத்தான் எண்ணிவிட்டு வர வேண்டும்.

"வீடு வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், கேட்பவர் கடன் கொடுத்தவரின் ஆள் என்ற நினைப்பு. நான் இப்படிக் கேட்பேன்: "கடைசியாகப் பெரிய மழை பெய்த ராத்திரி எங்கே படுத்தீங்க?"

"உள்ளேதான் படுத்தேன், ஒழுகலை. தூக்கம்தான் வரலை, விடிஞ்சா தவணை" என்றார் ஒரு அம்மா. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த சர்வேயில் அது தனிக் கேள்வியானது.