பெப்டைடு: சொல்லும் பொருளும்

பாம்பு நஞ்சிலிருந்து புற்றுநோய்க்கும் பாக்டீரியாத் தொற்றுக்கும் மருந்து தேடும் ஆய்வுகளைப் பற்றிய செய்திகளில் ‘பெப்டைடு’ என்னும் சொல் விளக்கமின்றியே வந்து போகிறது. புரதத்தின் அடிப்படை அலகுகளான அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்த குறுகிய தொடரே பெப்டைடு. அத்தொடர் நீளும்போது அதைப் புரதம் என்கிறோம். ஏறத்தாழ 50 அமினோ அமிலங்களை எல்லையாகக் கொள்வது வழக்கம். அது வசதிக்காக வகுத்த எல்லையே.

கிரேக்க மொழியில் ‘பெப்டோஸ்’ என்றால் சமைத்தது, செரித்தது என்று பொருள். இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பொருளுக்கு 1836இல் ஜெர்மானிய உடலியலாளர் தியோடர் ஷ்வான் ‘பெப்சின்’ என்று பெயரிட்டார். செரிமானத்தில் உடைந்த புரதம் ‘பெப்டோன்’ எனப்பட்டது. அதிலிருந்து 1902இல் ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர் ‘பெப்டைடு’ என்ற பெயரை அமைத்தார். அதே தொல்வேரிலிருந்து கிளைத்த வடமொழிச் சொல்லே தமிழில் ‘பக்குவம்’ ஆயிற்று. நளபாகத்தின் ‘பாகமும்’ அவ்வேரினதே. அயலாகத் தோன்றும் இச்சொல் நம் அடுக்களைப் பக்குவத்துக்குத் தூரத்து உறவு என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

ஆயினும் வேர்ப்பொருளைப் பற்றிக்கொண்டு தமிழாக்கினால் பொருள் தவறும். நஞ்சிலுள்ள பெப்டைடுகள் செரித்து எஞ்சியவை அல்ல. இரையை வீழ்த்தவென்று நச்சுச் சுரப்பி ஆக்கித் தருபவை. பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியனின் நஞ்சில் கண்ட பெப்டைடை முன்மாதிரியாகக் கொண்டு உருவாக்கிய இரத்த அழுத்த மருந்தான கேப்டோப்ரில், 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நம் நாட்டிலும் வாழும் சுருட்டை விரியனின் நஞ்சிலுள்ள எக்கிஸ்டாட்டின், ‘டிஸ்இன்டெக்ரின்’ என்ற வகையைச் சேர்ந்தது. 49 அமினோ அமிலங்களால் ஆன அது, உயிரணுக்கள் தம் சூழலைப் பற்றிக்கொள்ள உதவும் இன்டெக்ரின் புரதங்களில் ஒட்டி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. புற்றணுக்கள் இடம்விட்டு இடம் பரவுவதற்கும் அந்தப் பிடி தேவை என்பதால்தான் இவ்வகை புற்றுநோய் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

பாக்டீரியாவை அழிக்கும் வழி வேறு. பட்டைக் கட்டுவிரியனின் நச்சுச் சுரப்பியில் கண்டறிந்த, 30 அமினோ அமிலங்கள் கொண்ட ‘கேத்தலிசிடின்’ வகைப் பெப்டைடு நேர்மின்னேற்றம் உடையது. எதிர்மின்னேற்றம் கொண்ட பாக்டீரியாச் சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கிறது. புற்றணுக்களின் மேற்புறத்திலும் எதிர்மின்னேற்றம் இயல்பைவிட மிகுதியாக இருப்பதால், இத்தகைய பெப்டைடுகளை இருநோய்களுக்கும் சேர்த்தே ஆராய்கிறார்கள். இவை பெரும்பாலும் ஆய்வகச் சோதனைகளிலும் எலிகளிலும் கண்ட பயன்களே. பாம்பு நஞ்சிலிருந்து பெற்ற புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் ஒப்புதல் பெறவில்லை என்பதை இச்சொல்லைக் கையாளும் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழில் பெப்டைடைப் ‘புரதக்கூறு’ என்று எழுதுவதுண்டு. பெரிய புரதத்திலிருந்து வெட்டுண்டு பிறக்கும் டிஸ்இன்டெக்ரின்கள் பலவற்றுக்கு அது பொருந்தும் என்றாலும், புரதத்தின் எந்தப் பகுதியையும் குறிக்கக்கூடிய பொதுச்சொல்லாகவே அது நிற்கிறது. ‘குறும்புரதம்’ எனலாமென்றால், கண் முதலில் ‘குறும்பு’ என்றே பிரித்துப் படிக்கும். தொடர் என்னும் அமைப்பையும் அதன் குறுமையையும் ஒருங்கே காட்டும் ‘புரதச் சிறுதொடர்’ என்பதே எனக்கு ஏற்புடையது. பாடநூல்களில் வேரூன்றிய ‘பெப்டைடு பிணைப்பு’ முதலிய தொடர்களை மாற்ற வேண்டியதில்லை.

அடைமொழியிலும் கவனம் வேண்டும். ‘நச்சுப் பெப்டைடு’ என்றால் அப்பெப்டைடே நஞ்சு என்று பொருள்படும். கேத்தலிசிடினோ தொற்றை எதிர்க்கும் காப்புப்பொருள். அவ்வகையைச் சேர்ந்த ஒன்று மனித உடலிலும் சுரக்கிறது. ஆகவே, பொதுவாகச் சொல்லுமிடத்தில் ‘பாம்புவழிப் புரதச் சிறுதொடர்’ என்றும், நஞ்சிலிருந்தே பிரித்தெடுத்ததை மட்டும் ‘நஞ்சுவழி’ என்றும் எழுதலாம்.