"மரம் தானே போச்சு"ன்னு சொல்லாதீங்க

2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சு, கொஞ்ச நாள் கழிச்சு கவுன்சிலிங் டீமோட பேராவூரணி பக்கம் கிராமங்களுக்குப் போனேன். நாங்க போன ஊர்ல உயிர்ச்சேதம் இல்ல, ஆனாலும் ஊரே எழவு வீடு மாதிரி இருந்துச்சு. தென்னந்தோப்பு பூரா மரம் சாஞ்சு கெடக்க, நடுவுல கட்டில போட்டு ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். "தூக்கம் வருதாய்யா"ன்னு கேட்டேன். "கொடத்துல தண்ணி சுமந்து ஊத்தி வளத்ததும்மா"ன்னார், அதுக்கு மேல பேசல.

உதவி பண்ண வந்தவங்க நல்ல மனசோட தான் "மரம் தானே போச்சு, உசுரு இருக்கே"ன்னு சொன்னாங்க, அத கேட்டவங்க அதோட வாய மூடிக்கிட்டாங்க. தென்னங்கன்ன பிள்ளைன்னு சொல்ற ஊருங்க அது! திரும்ப வச்சாலும் காய் பாக்க அஞ்சாறு வருசம், அதுவரைக்கும் கடன் என்னாகும், பொண்ணு கல்யாணம் என்னாகும், அறுபது வயசுல மறுபடி குழி வெட்ட தெம்பு இருக்கான்னு எல்லாம் சேந்து தான் அந்த அழுகை.

மொதல் சில வாரம் தூக்கம் இல்லாம இருக்கறது, காத்து சத்தத்துக்குப் பதறுறது, சும்மா எரிஞ்சு விழுறது, இதெல்லாம் நோய் இல்ல, பெரும்பாலானவங்க மெல்ல தேறிடுவாங்க. அவங்கள உக்கார வச்சு "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு"ன்னு கிளறாதீங்க, உலக சுகாதார நிறுவனமும் அது வேணாம்னு தான் சொல்லுது. அவங்களா பேசுனா கேளுங்க. கரண்ட் எப்ப வரும், நிவாரண லிஸ்ட்ல பேர் இருக்கான்னு விசாரிச்சு சொன்னாலே பாதி பதட்டம் குறையும்.

நான் பாத்த வரைக்கும் எங்க கவுன்சிலிங்க விட அவங்களே பண்ணுனது தான் பெருசு. பொதுவா உலை வச்சு சமைச்சாங்க, பொம்பளைங்க காய் நறுக்கிக்கிட்டே அழுது பேசி தீத்தாங்க. ஆம்பளைங்க தான் பேசல, ஆனா நாலு பேரா சேந்து அடுத்தவன் தோப்புல மரம் அறுக்கப் போனப்ப தானா வாய் திறந்தாங்க.

ஒரு மாசம் தாண்டியும் தோப்புப் பக்கமே போகாம, சாப்பாடு எறங்காம, குடி கூடி, "நான் இருந்து என்னத்துக்கு"ன்னு ஒருத்தர் பேசுனா சும்மா விடாதீங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த நெனப்பு வராது. பூச்சிமருந்து வீட்டுல இருந்தா அப்புறப்படுத்திட்டு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர்ட்ட கூட்டிட்டு போங்க, இப்ப அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் போட்டாலும் தமிழ்லயே பேசலாம்.

அப்புறம், ஒவ்வொரு நவம்பர்லயும் வங்கக்கடல்ல காத்தழுத்தம்னு டிவில சொன்னாலே அங்க பலருக்கு நெஞ்சு படபடக்கும். அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அன்னைக்கு ராத்திரி ஒரு போன் போடுங்க.